ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் ஒட்டினால் ஒலி மேம்படுமா?

கேள்வி இது: 20 செ.மீ. அகலமுள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், அதற்கு மேலே உயர்ந்த ஒலிக்கு 25 மி.மீ. பட்டுக் குவிமாட ட்வீட்டர். பாட்டில் ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் காதில் குத்துகிறது. கைவினைக் கடையில் கிடைக்கும் ஃபெல்ட்டை (இழைகளை அழுத்திச் செய்த துணி) வாங்கி ட்வீட்டரைச் சுற்றி ஒட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்களாம். உண்மையா, எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஃபெல்ட் ஒலியை மாற்றுமா என்பது ஒன்று. உங்களுக்கு இருக்கும் குத்தலை அது தீர்க்குமா என்பது வேறு. முதலாவதற்குப் பதில் தெளிவானது: மாற்றும், அளந்தே காட்டலாம், ஆனால் அந்தக் கைவினைக் கடை ஃபெல்ட் அதற்கு உதவாது. இரண்டாவதற்கு அவ்வளவு தெளிவான பதில் கிடையாது. குத்தலில் ஒரு பங்கை அது குறைக்கலாம். முழுக் காரணமும் பெட்டியின் முன்பலகையில்தான் இருக்கிறது என்று நம்ப இடமில்லை.

குவிமாடத்திலிருந்து கிளம்பும் ஒலி உங்களை நோக்கி மட்டும் வருவதில்லை. முன்பலகையை ஒட்டியபடி எல்லாப் பக்கமும் ஓடுகிறது. பலகை இருக்கும்வரை அதற்குப் பின்பக்கம் போக வழியில்லை. பெட்டியின் விளிம்பை எட்டியதும் திடீரென்று வழி திறக்கிறது. அங்கே அழுத்தம் சட்டென இறங்க, அந்த விளிம்பே ஒரு சிறிய ஒலிமூலமாகி, எதிர்க்கட்டத்தில், அதாவது மேடு பள்ளம் தலைகீழாக, இன்னொரு அலையை முன்னோக்கியும் அனுப்புகிறது. பள்ளி இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுதான். நேராக வந்த அலையும் விளிம்பிலிருந்து சற்றுத் தாமதமாக வந்த அலையும் சேரும்போது சில அதிர்வெண்களில் ஒலி கூடும், சிலவற்றில் கழியும். ஃபெல்ட் செய்வது ஒன்றே ஒன்று: பலகையை ஒட்டி ஓடும் ஒலியை, விளிம்பைத் தொடும் முன்பே மெலிய வைப்பது. குவிமாடத்தின் உள்ளே இருக்கும் ஒத்ததிர்வையோ சிதைவையோ அது தொடுவதே இல்லை.

உங்கள் பெட்டிக்கே கணக்குப் போடலாம். ட்வீட்டர் நடுவில் இருந்தால் இரு பக்க விளிம்பும் 10 செ.மீ. தொலைவில். ஒலியின் வேகம் 25 டிகிரி செல்சியஸில் வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் என்பதால் விளிம்பு அலை 0.29 மில்லிவினாடி தாமதமாக வரும். அது எதிர்க்கட்டத்தில் வருவதால், 10 செ.மீ. அரை அலைநீளமாக இருக்கும் 1,730 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடும், முழு அலைநீளமாக இருக்கும் 3,460 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமும், 5,200 ஹெர்ட்ஸ் பக்கம் மறுபடி ஒரு மேடும் எதிர்பார்க்கலாம். முதல் மேடு, கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் அதிர்வெண்ணுக்கு வழக்கமாகக் கீழே விழுகிறது, அது ட்வீட்டரின் பொறுப்பல்ல. பின்னிரண்டும் ட்வீட்டரின் எல்லைக்குள். மேல் விளிம்பும் மூலைகளும் வேறு வேறு தொலைவில் இருப்பதால் மேடு பள்ளங்கள் ஓரளவு கலைந்து, இத்தகைய பெட்டிகளில் பொதுவாக 2 முதல் 4 டெசிபல் அலைச்சலாகத் தெரியும். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மேடு, ‘ஸ’காரத்தின் ஆற்றல் குவியும் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பகுதியின் அடிவாரத்தில் உட்காருகிறது. குத்தலில் ஒரு பங்கு என்று சொன்னது இதனால்தான்.

இந்தக் கணக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 30 டிகிரி பக்கவாட்டில் நகர்ந்தால், உங்கள் பக்க விளிம்புக்கான பாதை வேறுபாடு 5 செ.மீ. ஆகச் சுருங்கும், எதிர்ப்பக்கத்துக்கு 15 செ.மீ. ஆக நீளும். ஒன்றின் பள்ளம் 6.9 கிலோஹெர்ட்ஸுக்கும் மற்றதன் பள்ளம் 2.3 கிலோஹெர்ட்ஸுக்கும் போய்விட, நேரெதிரே பார்த்த ஆழமான பள்ளம் அங்கே இருக்காது. ஆகவே ஸ்பீக்கரைக் காதை நோக்கித் திருப்பி வைத்திருப்பவர் அதை 15 டிகிரி வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பது, காசு செலவில்லாத முதல் சோதனை. ஃபெல்ட்டால் கிடைக்கும் பலனில் பாதி சில வேளை அதிலேயே கிடைத்துவிடும்.

இனி தடிமன். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். துளையுள்ள எந்தப் பொருளும் ஒலியை நன்றாக விழுங்க, அதன் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்காவது இருக்கவேண்டும் என்பது பழைய விதி. அப்படிப் பார்த்தால் 3 மி.மீ. ஃபெல்ட்டுக்கு அந்த எல்லை 28 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே, 6 மி.மீ.க்கு 14, 12 மி.மீ.க்கு 7; 20 மி.மீ.க்கு 4.3 கிலோஹெர்ட்ஸ். இங்கே ஒலி ஃபெல்ட்டில் செங்குத்தாக மோதாமல் அதன்மேல் நீளவாக்கில் ஓடுவதால் விதி அவ்வளவு கறாராகப் பொருந்தாது, 7–8 செ.மீ. தூரம் ஃபெல்ட்டின்மேல் ஓடவிட்டால் 12 மி.மீ. தடிமனே 3.5–4 கிலோஹெர்ட்ஸ் பக்கமிருந்து வேலையைக் காட்டத் தொடங்கும். ஆனால் 2–3 மி.மீ. ஃபெல்ட்டுக்கு மீட்சியில்லை. காரணம், 25 மி.மீ. குவிமாடம் உயர் அதிர்வெண்களில் தன் ஒலியை முன்னோக்கிக் குவிக்கிறது. பலகையை ஒட்டிய 90 டிகிரி திசையில் 10 கிலோஹெர்ட்ஸிலேயே சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். 14 கிலோஹெர்ட்ஸில் 15 டெசிபலையும் தாண்டும். மெல்லிய ஃபெல்ட் வேலை செய்யும் அதிர்வெண்களில் பலகையின்மேல் விழுங்குவதற்கு ஒலியே இல்லை. ஒலி இருக்கும் 3 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் அந்த ஃபெல்ட் வேலை செய்வதில்லை. கடைகளில் விற்கும் வளைய வடிவ மெல்லிய ஒட்டுகளில் பல வெறும் அலங்காரம்தான்.

இது புதிய சரக்கு அல்ல. அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்சிஏ-வின் ஹாரி ஓல்சன் 1951-இல் ஒரே ஒலிப்பானைப் பன்னிரண்டு வடிவப் பெட்டிகளில் பொருத்தி அளந்து, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒலி எவ்வளவு என்று காட்டும் வளைகோடு கோளத்தில் மிகச் சீராகவும், கூரிய விளிம்புகள் ஒலிப்பானிலிருந்து சம தூரத்தில் அமையும் வடிவங்களில் மிக மோசமாகவும் இருப்பதைக் காட்டினார். ஃபெல்ட்டைப் பொறுத்தவரை எல்லாரும் சுட்டும் உதாரணம் பிபிசி 1970-களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர். அதன் முன்பலகை பெட்டிக்குள் சற்று உள்ளிழுத்துப் பதிக்கப்பட்டது; சுற்றிலும் சட்டம் மதில்போல முன்னே நீண்டிருந்தது. அதிலிருந்த கெஃப் நிறுவனத்தின் டி27 ட்வீட்டரின் ஒலி அந்த மதிலில் பட்டுத் திரும்பாமலிருக்க, ட்வீட்டரைச் சதுரமாகச் சூழ்ந்து தடித்த ஃபெல்ட் பட்டைகள் வைத்தார்கள். கிராஸ்ஓவர் அந்தப் பட்டைகளோடு சேர்த்தே சரிசெய்யப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பழைய எல்எஸ்3/5ஏ-யில் ஃபெல்ட் உதிர்ந்திருந்தால் அது பழுது, அதே தடிமனில் திரும்ப வைக்கத்தான் வேண்டும். அதையே பார்த்துவிட்டு, ஃபெல்ட் இல்லாமல் வடிவமைக்கப்பட்ட வேறொரு ஸ்பீக்கரில் ஒட்டினால், வடிவமைத்தவர் காதால் கேட்டு முடித்த கணக்கை நீங்கள் திருத்துகிறீர்கள். நல்லதாகவும் முடியலாம், ஆனால் அது பழுதுபார்ப்பு அல்ல. ஸ்பைகா டிசி-50 என்ற ஸ்பீக்கர், வடிவமைப்பாளர் ஜான் டன்லவியின் பெரிய ஸ்பீக்கர்கள் ஆகியவற்றிலும் ஃபெல்ட் தாராளமாக இருந்தது. அங்கேயும் அது வடிவமைப்பின் பகுதி, பின்னால் ஒட்டியது அல்ல.

ட்வீட்டர் ஒரு கிண்ணம் போன்ற அலைவழியின் ஆழத்தில் உட்கார்ந்திருந்தால் ஃபெல்ட் வேண்டாம். பலகையை ஒட்டி ஓடும் ஒலியை அந்த வடிவமே குறைத்துவிடுகிறது, அதன்மேல் ஃபெல்ட் வைப்பது கெடுதல். ஹார்ன், வூஃபரின் நடுவே ட்வீட்டர் அமைந்த ஒருமைய வகை, சுவரோடு சமமாகப் பதித்தவை, ஜெனலெக் 8000 வரிசை போல முழுக்க உருட்டிய உலோகப் பெட்டிகள், இவற்றுக்கும் அப்படியே. பலன் அதிகம் தெரிவது உங்களுடையது போன்ற பெட்டியில்தான்: கூரிய விளிம்பு, தட்டையான பலகை, நடுவில் ட்வீட்டர். விளிம்பை 3–4 மி.மீ. தேய்த்து உருட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம்; ஒலிக்கு அது கூரிய விளிம்புதான். 20 மி.மீ.க்கு மேல் ஆரம் இருந்தால்தான் பேச்சு. துணி மூடியின் மரச்சட்டத்தையும் பாருங்கள். 15 மி.மீ. தடித்த சட்டம் ட்வீட்டருக்கு 6 செ.மீ. பக்கத்தில் நின்றால், பெட்டி விளிம்பைவிட அதுவே பெரிய குற்றவாளி. மூடியைக் கழற்றிக் கேட்டுவிட்டுத்தான் ஃபெல்ட்டைப் பற்றி யோசிக்கவேண்டும்.

பொருள் வாங்கும்போது கம்பளி ஃபெல்ட் என்று கேளுங்கள், தடிமன் 10 முதல் 12 மி.மீ. கைவினைக் கடைகளில் கிடைப்பது 1–2 மி.மீ. பாலியெஸ்டர். பாலிஷ் சக்கரத்துக்கான ஃபெல்ட் கம்பளிதான், ஆனால் பலகை போல இறுகியிருக்கும். ஒலி அதற்குள் நுழையாமல் மேலேயே வழுக்கிப் போகும். வாயை ஃபெல்ட்டில் அழுத்தி வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வரவேண்டும், ஆனால் சற்று முயன்று ஊதினால்தான் வரவேண்டும். தாராளமாக வந்தால் மிகத் தளர்வு. வராவிட்டால் மிக இறுக்கம். எடை பார்க்க முடிந்தால், 30 × 30 செ.மீ., 12 மி.மீ. துண்டு 200 முதல் 250 கிராம் இருப்பது நல்ல அடர்த்தி. 12 மி.மீ. கிடைக்கவில்லையென்றால் 6 மி.மீ. துண்டுகள் இரண்டை அடுக்கலாம். நடுவே முழுப் பரப்பிலும் பசை தடவினால் துளைகள் அடைந்து ஒரு தோலாகிவிடும், ஆகவே நாலு மூலையில் மட்டும் பொட்டு வைத்து ஒட்டுங்கள், அல்லது நூலால் தைத்துவிடுங்கள்.

வெட்டும் வடிவத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபெல்ட்டின் உள்விளிம்பும் ஒரு விளிம்புதான். குவிமாடத்தைச் சுற்றி அச்சான வட்டமாக வெட்டினால் எல்லாத் திசையிலும் ஒரே தூரத்தில் ஒரு படி உருவாகி, பழைய சிக்கல் சிறிய அளவில் புது அதிர்வெண்ணில் முளைக்கும். ஆகவே துளை நட்சத்திர வடிவில் இருக்கட்டும்: மையத்திலிருந்து மிகக் கிட்டிய முனை 22 மி.மீ., மிகத் தள்ளிய பள்ளம் 40–45 மி.மீ., ஏழெட்டு முனை போதும். முடிந்தால் உள்விளிம்பைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். வெளியே பெட்டியின் பக்க விளிம்புவரை, மேலேயும் விளிம்புவரை. கீழே வூஃபர் சட்டத்துக்கு 5 மி.மீ. முன்னால் நிறுத்திவிடவேண்டும், ரப்பர் வளையத்தில் உரசக்கூடாது. 20 மி.மீ. ஃபெல்ட்டைக் குவிமாடத்துக்கு ஒட்டினாற்போல வைக்கும் ஆசை வேண்டாம். மையத்திலிருந்து 25 மி.மீ. தூரத்தில் 20 மி.மீ. உயரச் சுவர் நின்றால், நேரெதிர் அச்சிலிருந்து சுமார் 50 டிகிரிக்கு அப்பால் போகும் ஒலியெல்லாம் ஃபெல்ட் வழியாகத்தான் போகவேண்டியிருக்கும். அறைக்குள் பரவும் உயர் ஒலி மங்கிவிடும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் அந்த மங்கலையே ‘இனிமை’ என்று சிலர் விரும்புவதுண்டு, அது வேறு கதை.

வெட்டுவதைப் பெட்டிக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். ட்வீட்டரின் காந்தம் கத்தரிக்கோலையும் பிளேடையும் வெடுக்கென்று இழுத்துக் குவிமாடத்தில் குத்திவிடும். இந்த வேலையில் ட்வீட்டர் சாவது பெரும்பாலும் இப்படித்தான். தாளில் அச்சு வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு, வேறு மேசையில் புது பிளேடால் நாலைந்து தடவை மெல்லக் கீறி வெட்டுங்கள். பொருத்தும்போது குவிமாடத்தின்மேல் ஆழமான பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். ரப்பர் பசை, தெளிப்புப் பசை போன்ற கரைப்பான் வாசமுள்ளவை பெட்டியருகே வேண்டாம். ஆவி சில குவிமாடங்களின் பூச்சையும் சுற்றுவளையத்தையும் கெடுக்கக்கூடும். ஃபெல்ட்டை மெல்லிய அட்டையில் வெள்ளைப் பசையால் ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, அட்டையை இரட்டைப்பக்க டேப்பாலோ வெல்க்ரோவாலோ பெட்டியில் பொருத்துவது நல்லது. எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், பெட்டியின் மேற்பூச்சும் உரியாது.

ஒட்டிவிட்டுக் காதை நம்பி முடிவு சொல்லாதீர்கள், அளந்துவிடுங்கள். ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ (REW) மென்பொருள் இலவசம். யுமிக்-1 போன்ற யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று போதும். ட்வீட்டர் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு ஸ்பீக்கரை அறையின் நடுவே நிறுத்தி, அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி மைக்கை வையுங்கள். தரையில் பட்டு வரும் ஒலி 2.6 மீட்டர் பயணம் செய்வதால் நேரொலிக்குப் பின் 4.6 மில்லிவினாடி கழித்துத்தான் வரும். 4 மில்லிவினாடிச் சாளரம் வைத்தால், அதாவது முதல் 4 மில்லிவினாடியில் வந்த ஒலியை மட்டும் கணக்கில் எடுத்தால், நமக்கு வேண்டிய 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அறையின் கலப்படம் இருக்காது. சுவர்களும் அந்த அளவுக்கு விலகியிருக்கவேண்டும். ஃபெல்ட் இல்லாமல் ஒன்று, மைக்கையும் பெட்டியையும் அசைக்காமல் ஃபெல்ட்டுடன் ஒன்று. பிறகு 15, 30, 45 டிகிரியிலும் அப்படியே. கோட்டை வழவழப்பாக்க மென்பொருளில் மூன்றிலொரு ஆக்டேவ் மழுப்பல் (smoothing) போட்டால் பார்க்கவேண்டியதே மறைந்துவிடும், ஆக்டேவில் 24-இல் ஒன்று போதும். நேரெதிரே மட்டும் கோடு சமமாகி, 30 டிகிரியில் புதுப் பள்ளம் விழுந்திருந்தால் அந்த வெட்டு தோல்வி.

அளந்தால் இன்னொன்றும் தெரியவரும். பலகையின் ஒரு பகுதி ஒலியை விழுங்கத் தொடங்கியதால், 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸில் ட்வீட்டரின் அளவே அரை முதல் ஒரு டெசிபல் இறங்கியிருக்கக்கூடும். “ஃபெல்ட் ஒட்டினேன், கரகரப்பு போய்விட்டது” என்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் கேட்டது இந்த ஒரு டெசிபல் இறக்கத்தை என்பதுதான் எனக்கு உள்ள பெரிய சந்தேகம். சோதிக்க எளிய வழி உண்டு: ஃபெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரில் அதே பகுதியை அதே அளவு இறக்கிக் கேளுங்கள். அதே நிம்மதி கிடைத்தால் உங்கள் சிக்கல் விளிம்பல்ல, ட்வீட்டர் கூடுதலாகக் கத்துவது. அதற்கு மருந்து கிராஸ்ஓவரில் இருக்கிறது: 8 ஓம் ட்வீட்டர் என்றால், ட்வீட்டர் வடிகட்டிக்கு முன்னால் தொடரில் 1 ஓம், 10 வாட் மின்தடை ஏறக்குறைய ஒரு டெசிபலைக் குறைக்கும். வடிகட்டிக்குப் பின்னால் போட்டால் வடிகட்டியின் வடிவமும் மாறிவிடும், அதனால் முன்னால். ஈக்வலைசரில் இறக்கியும் ‘ஸ’ குத்தினால், ஒலி அளவைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். குறைவான அளவில் குத்தல் மறைந்து, கூட்டினால் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் சிதைவு: கிராஸ்ஓவர் மிகத் தாழ்வாக இருந்து ட்வீட்டர் திணறலாம், ஆம்ப்ளிஃபயர் உச்சத்தைத் தொடலாம். ஒரு பாட்டில் மட்டும் குத்தினால் பதிவிலேயே இருக்கிறது. இந்த மூன்றில் எதற்கும் ஃபெல்ட் மருந்தல்ல.

மேடு பள்ளம் குறைவது உறுதி. அது எவ்வளவு காதுக்குத் தெரியும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. விளிம்பால் வரும் பள்ளம் ஒவ்வொரு கோணத்திலும் இடம் மாறுவதால், அறையில் எல்லாக் கோணத்து ஒலியும் கலந்து வரும்போது அதன் முக்கியத்துவம் குறைகிறது என்பது ஒரு வாதம். அதில் நியாயம் இருக்கிறது. குறுகிய பள்ளத்தைவிட அகன்ற மேட்டைக் காது எளிதில் பிடிக்கும் என்பதால், உங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் மேடு அகலமாக இருந்தால் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம். ‘ஒலிமேடை விரிந்தது, பாடகர் நடுவில் ஆணியடித்தாற்போல நிற்கிறார்’ என்ற வகைப் பேச்சை நான் பாதி நம்புவேன். இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோல் ஆகும்போது நடுப் பிம்பம் இறுகுவது நடக்கக்கூடியதே, ஆனால் இதைச் சொல்பவர்களில் பலர் ஒட்டிய கையோடு, கண் திறந்தபடி கேட்டவர்கள். ஒரு பெட்டியில் மட்டும் ஃபெல்ட் வைத்து, இரண்டையும் அருகருகே நிறுத்தி, எல்லா அதிர்வெண்களும் கலந்த ‘பிங்க் நாய்ஸ்’ இரைச்சலை மோனோவில் ஓடவிட்டு, இன்னொருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிக் கண் மூடிக் கேளுங்கள். பாட்டைவிட இந்த இரைச்சலில் நிற மாற்றம் உடனே பிடிபடும்.

ஃபெல்ட்டை வைத்துக்கொள்வது என்று முடிவானால், கம்பளி என்பதால் அந்துப்பூச்சி வரும், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே வரும். மூடிக்குப் பின்னால் நாப்தலின் உருண்டை வைக்காதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். வெல்க்ரோவில் பொருத்தியிருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டி, வெயிலில் காயவைத்து, தூரிகையால் தூசு நீக்கித் திரும்ப மாட்டலாம். தூசு உறிஞ்சியை மட்டும் ட்வீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், குவிமாடம் உள்வாங்கிவிடும். ஃபெல்ட்டுக்குப் பதிலாக ஃபோம் போடலாமா என்றால், திறந்த துளையுள்ள 20–25 மி.மீ. ஃபோம் வேலை செய்யும். ஆனால் பாலியூரித்தேன் ஃபோம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிர்ந்து, அந்தத் துகள் குவிமாடத்தின் சுற்றுவளையத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வது ட்வீட்டரையே மாற்றுவதைவிடச் சிரமம்.